போனுக்குப் பின்னால் ஒரு ஃபேன்

கருங்கல் வட்டாரத்தில் சஜிதாவின் பெயர் பலருக்குத் தெரியாது. ‘ஸ்டூடியோ அக்கா’ என்றால் தெரியும். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கும் ஞானஸ்நானத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் அவள் கேமராவுக்கு முன்னால் உட்காராத பிள்ளை அந்தப் பக்கத்தில் குறைவு. எப்பேர்ப்பட்ட முரண்டுக்காரப் பிள்ளையையும் அவள் பார்க்க வைத்துவிடுவாள். இடது கையில் ஒரு சாவிக்கொத்து. லென்ஸுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்துக் குலுக்குவாள், நாக்கை மடித்து ஒரு சத்தம் போடுவாள். அழுதுகொண்டிருக்கிற பிள்ளை சட்டென்று நிறுத்தி நிமிர்ந்து பார்க்கும். அது போதும், படம் விழுந்துவிடும். “எக்கா, ஒங்ககிட்ட என்ன மந்திரமாக்கும் இருக்கு? வீட்டுல எங்க மூஞ்சிய ஏறிட்டுப் பாக்க மாட்டான்” என்று கூட வந்த அம்மாக்காரி வாயைப் பிளப்பாள்.

அந்தப் பேச்சைக் கேட்டால் சஜிதாவின் கண் தானாக உள்ளறைப் பக்கம் போகும். ஊரார் பிள்ளைகள் எல்லாம் அவள் கையசைவுக்குப் பார்க்கின்றன. அவள் பெற்ற ஜெபிஷா, ஐந்து வயது, ஸ்டூடியோ உள்ளறையில் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எதிரில் போய்க் குந்தினால் முகத்தை விட்டுவிட்டுக் கம்மலைப் பார்ப்பாள். கடைக்காரர் சுயம்புலிங்கம் நல்ல மனிதர். பிள்ளையை வேலைக்குக் கூட்டி வராதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. “நம்ம ஃபேனுக்கு ஒரு காவலாச்சு” என்று சிரிப்பதோடு சரி.

இப்போது சஜிதாவுக்குச் சோறு இறங்காமல் இருப்பது அதனால் அல்ல. அதற்கு அவள் பழகிவிட்டாள். இப்போது வந்திருக்கிற வெப்ராளம் வேறு. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிற அவள் புருஷன் சத்தியநேசன் லீவில் வருகிறான்.

புருஷன் வந்தால் சந்தோஷம்தானே, இதில் என்ன கலக்கம் என்று யாரும் கேட்கலாம். விஷயம் என்னவென்றால், மகள் தன் கண்ணைப் பார்த்துச் சிரிப்பாள் என்று சத்தியநேசன் நம்பிக்கொண்டிருக்கிறான். போனில் அவன் அப்படித்தான் பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும், இரண்டு வருஷமாக. அப்படிக் காட்டிக்கொண்டிருந்தவள் சஜிதா.

அவன் விமானம் ஏறியபோது ஜெபிஷாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அப்புறம் கம்பெனி மாறினான், லீவு தள்ளிப்போனது, வீட்டுக் கடனும் இருந்தது. போன்தான் குடும்பம் என்று ஆகிவிட்டது. ஆரம்பத்தில் பிள்ளை போனைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் அங்கிருந்து கத்துவான். “மக்களே, அப்பாவப் பாரு! இஞ்ச பாரு! ஏட்டி சஜி, பிள்ளைக்கு என்ன மறந்துபோச்சா?” ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிறான் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. அத்தனை பெரிய ஆள் தகர அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து அழுததை அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் சஜிதா தன் தொழிலைக் காட்டினாள். பேட்டரியில் ஓடுகிற சின்னக் கை ஃபேன் ஒன்றை வாங்கி, இறக்கைகளில் ஜிகினாத் தாள் ஒட்டினாள். போனை டப்பாவில் சாய்த்து நிறுத்தி, அதன் பின்னால், கேமராவுக்குச் சரியாக ஒரு விரல்கடை மேலே வருகிற மாதிரி ஃபேனை வைத்தாள். உயரம் கூடினால் கண் மேலே போகும், இறங்கினால் போனே மறைத்துவிடும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஃபேன் சுற்றியது. ஜெபிஷா கண்ணை அகல விரித்துப் பார்த்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். மஸ்கட்டில் சத்தியநேசன் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான். “ஏட்டி, பாத்தியா, பாத்தியா! என் பிள்ளை என்னப் பாத்துச் சிரிக்கா!”

“அது என்ன அங்க ஒரு சத்தம்?” என்று கேட்டான்.

“ஃபேன் ஓடுதுங்க” என்றாள். அந்தப் பேச்சில் அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் சத்தியநேசன் கருங்கல்லிலிருந்து தக்கலைக்கு ஓடும் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஒவ்வொரு ஞாயிறும் பேச்சை முடிக்கும்போது அந்தப் பழைய குரலை எடுப்பான். “கருங்கல்... திக்கணங்கோடு...” என்று இழுத்து நிறுத்திவிட்டு, “அடுத்தது எது மக்களே?” என்று காத்திருப்பான். ஜெபிஷா ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னாலிருந்து சஜிதா, “தக்கலைன்னு சொல்லு மக்களே” என்று எடுத்துக் கொடுப்பாள். பிள்ளை சொன்னதில்லை. அவனே “தக்கலை! ஆளெறங்கு!” என்று முடித்துவிட்டுப் போனை வைப்பான்.

தக்கலைக்கு ஜெபிஷா போகத்தான் செய்தாள், அது அவனுக்குத் தெரியாது. வாரத்தில் இரண்டு தடவை அதே மினி பஸ்ஸில் சஜிதா அவளை ராகேல் டீச்சரிடம் கூட்டிப் போவாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ராகேல் டீச்சர் ஒரு வாடகை வீட்டில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நாகர்கோவிலில் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னபோது தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நின்ற சஜிதாவுக்கு, அதைப் பாதியாவது விளங்க வைத்தவர் அவர்தான்.

“கண்ணப் பாத்தாத்தான் கேக்கான்னு நெனைக்காத சஜிதா” என்பார் டீச்சர். “சில பிள்ளையளுக்கு மூஞ்சியப் பாக்கதும் பேச்சக் கேக்கதும் ஒண்ணா ஒத்துவராது. பாக்கச் சொன்னா அதுலயே எல்லாச் சக்தியும் போயிரும். இவ ஜன்னலப் பாத்துக்கிட்டே நீ சொல்லது ஒக்க ஒண்ணுவிடாமக் கேட்டுட்டு இருப்பா. அவ ஒங்கிட்ட எப்பிடி வாறா, அதப் பாரு.”

ஜெபிஷா வருவது முதுகால். சஜிதா கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்பக்கமாகவே நகர்ந்து வந்து, தன் முதுகை அம்மாவின் முழங்காலில் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். பேச்சுமில்லை, பார்வையுமில்லை. “அதாக்கும் அவ ஒன்ன விசாரிக்கது” என்றார் டீச்சர். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது சஜிதா வழிநெடுக அழுதாள். துக்கத்தில் அல்ல.

“இத ஒன் வீட்டுக்காரருகிட்ட சொன்னியா?” என்று டீச்சர் கேட்டபோது சஜிதா பிள்ளையின் செருப்பை மாட்டிவிடக் குனிந்துகொண்டாள். சொல்லிவிடுவது என்று அவள் நினைத்ததுண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கப்போகும் நேரத்தில் அவனே வேறு ஒரு பேச்சை எடுத்தான். “இஞ்ச ரூம்ல ஒருத்தனுக்க பிள்ளைக்கு என்னமோ கொறையாம் சஜி. கூப்பிட்டாத் திரும்பாதாம், மூஞ்சியப் பாக்காதாம். பாவம், சோறு திங்காம கெடக்கான். நமக்கு ஆண்டவர் அப்பிடி ஒண்ணும் தரல்ல, கேட்டியா.” அதற்குப் பிறகு எங்கே சொல்வது? லீவில் வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினாள். தள்ளியது மலையாகிவிட்டது.

போதாக்குறைக்கு ஒரு போட்டோ வேறு. ஸ்டூடியோவில் கல்யாணக் கூட்டப் படங்களில் யாராவது கண்ணை மூடியிருந்தால், இன்னொரு படத்திலிருந்து அந்த ஆளின் கண்ணையே எடுத்துப் பொருத்திவிடுவார்கள். சஜிதா இதில் கைதேர்ந்தவள். ஜெபிஷாவின் நாலாவது பிறந்தநாள் படத்துக்கும் அதைச் செய்தாள். பிள்ளை ஸ்டூடியோவின் குடைவிளக்கைப் பார்த்து விழித்த வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து இதில் வைத்தாள். சத்தியநேசன் அதைப் பெரிதாகப் போட்டுக் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்தான். காலையில் வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவானாம்.

டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று அவன் சொன்ன அன்றே அவள் மூளை குழம்பிவிட்டது. டீச்சர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. அவன் வருவதற்குள் பிள்ளையை ஒரே ஒரு தடவையாவது கண்ணைப் பார்க்கப் பழக்கிவிட வேண்டும். ஒரு தடவை போதும், விமான நிலையத்தில் ஒரே ஒரு பார்வை. மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ஜெபிஷாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் என்றால் உயிர். ஒரு கையில் சிப்ஸை வைத்துக்கொண்டு மறு கையால் பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“அம்மாவப் பாரு. கண்ணப் பாரு. பாத்தாத்தான் தருவேன்.”

முதலில் ஜெபிஷா பார்த்தாள். பார்க்கும்போது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கை இரண்டும் விறைத்தன. ஆனாலும் பார்த்தாள். சஜிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, தூங்கப் போகும் முன்னால் ஒரு தடவை என்று பிடித்த பிடியில் நின்றாள். பெற்றவள்தான், ஆனால் அந்த நாட்களில் அவளைப் பார்த்திருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்கும். பிள்ளை தன் கையைக் கடித்துக்கொண்டபோதும் அவள் நிறுத்தவில்லை.

ஒரு நாள் சிப்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். காலடிச் சத்தம் கேட்டதுமே ஜெபிஷா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு வாயை மட்டும் திறந்தாள்.

சஜிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு தாடையைத் தொடவில்லை. ஆனால் கெட்டது கெட்டுவிட்டது. மறுநாள் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் முழங்காலை வேண்டுமென்றே வெளியே நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மேசைக்கு அடியில் சுவர்ப்பக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனே என்று சஜிதா தன்னையே திட்டிக்கொண்டாள். ராகேல் டீச்சருக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

“நீ அவளுக்கு ‘பாரு பாரு’ன்னு நிக்க மூஞ்சியாவே ஆயிட்ட. கொஞ்ச நாளு வெறும் ஆளாட்டு இரி” என்றார் டீச்சர். “ஒன் வீட்டுக்காரரு வந்ததும் இஞ்ச கூட்டீட்டு வா, நான் பேசுகேன். வழியில வச்சு பிள்ளைய ஒண்ணும் கட்டாயப்படுத்தாத.”

“எனக்குப் பயமாட்டு இருக்கு டீச்சர். அவிய என்ன மன்னிக்க மாட்டாவ.”

“அது எனக்குத் தெரியாது” என்றார் டீச்சர். பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு யோவான் டிரைவரின் காரில் போனார்கள். வெளியே ஒரே கூட்டம். தள்ளுவண்டிகளின் கடகடப்பு, ஒலிபெருக்கி, பெயர் சொல்லிக் கூவுகிறவர்கள். ஜெபிஷா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு தூணில் நெற்றியை அழுத்தி நின்றாள். கை ஃபேனைக் கொண்டு வந்திருந்தாள் சஜிதா. பைக்குள் கைவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எடுத்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துவிடலாமா என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. புத்தி அப்படிப் போயிருந்தது.

சத்தியநேசன் வந்தான். பெட்டி வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடி வந்தான். “மக்களே! அப்பா வந்துட்டேன் பாரு!” குந்தி உட்கார்ந்து கையை விரித்தான். பிள்ளை தூணை விடவில்லை. அவன் சிரித்துக்கொண்டே அவளை வாரித் தூக்கினான். ஜெபிஷா வீறிட்ட வீறில் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தது. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அவன் தோளை உதைத்தாள்.

“நேர்ல பாத்துப் பயந்துட்டா” என்று அவன் சுற்றி நின்றவர்களுக்குச் சமாதானம் சொன்னான். சஜிதாவின் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு பாதி கழன்றிருந்தது.

காரில் முன்னால் உட்கார்ந்து திரும்பித் திரும்பிக் கூப்பிட்டான். போனில் கூப்பிடுகிற அதே குரலில், அதே கொஞ்சலில். அவன் திரும்பும்போதெல்லாம் ஜெபிஷா கண்ணை மூடினாள். “ஒறக்கம் வருதா இருக்கும்ணே” என்றான் யோவான். களியக்காவிளை தாண்டியதும் சத்தியநேசன் போனை எடுத்துப் போன வாரம் பேசும்போது திரையிலிருந்து எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்தான். சிரிக்கிற பிள்ளை. பின்னால் பார்த்தான். திரும்பவும் படத்தைப் பார்த்தான். மார்த்தாண்டத்துக்குப் பிறகு அவன் திரும்பவே இல்லை. சஜிதா அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டிகளை இறக்கிவிட்டு யோவான் போய்விட்டான். மஸ்கட் பெட்டி வந்தால் அன்றைக்கே சொந்தக்காரர்கள் சூழ அதைப் பிரிப்பது வழக்கம். சத்தியநேசன் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை.

“சஜி, போன்ல என்னப் பாத்துச் சிரிச்ச பிள்ளைதான இது?” என்றான்.

அவள் எத்தனையோ விதமாகப் பேசிப் பழகி வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. பைக்குள்ளிருந்து ஃபேனை எடுத்தாள். மேசைமேல் டப்பாவை வைத்து, அதில் தன் போனைச் சாய்த்தாள். பின்னால் ஃபேனை நிறுத்தி ஓடவிட்டாள். மூலையில் நின்ற ஜெபிஷா நிமிர்ந்து பார்த்தாள். கண் விரிந்தது. வாய்விட்டுச் சிரித்தாள், இரண்டு வருஷமாக அவன் பார்த்த அதே சிரிப்பு.

அவன் போனைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். புரிய நேரம் எடுத்தது. புரிந்தபோது முகம் வெளிறிவிட்டது.

“அப்ப என்னப் பாத்துச் சிரிக்கல்லியா?” என்றான். “ஒரு நாளுகூடவா?”

“இல்லங்க.”

“அந்தப் போட்டோ?”

“கண்ணு நான் மாத்தி வச்சதாக்கும்.”

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் சொன்னது, ராகேல் டீச்சர், மினி பஸ், சிப்ஸ், பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. கடைசியாகச் சொன்னபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“அந்த ரூம்காரன் அழுதப்ப நானாக்கும் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்” என்றான் மெதுவாக. “எனக்கு நீ சொல்லல்ல.” ஃபேனை எடுத்து நிறுத்தினான். கையில் வைத்துக்கொண்டு, பிரிக்காத பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

கிளம்பிவிடுவான் என்று சஜிதா நினைத்தாள். அக்கா வீட்டுக்குப் போவான், லீவு முடிந்ததும் அப்படியே மஸ்கட்டுக்குப் போய்விடுவான். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு என்ன முகம் இருக்கிறது? அடுக்களை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூலையில் ஏதோ அசைந்தது. ஜெபிஷா சுவரை விட்டு நகர்ந்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஒவ்வோர் எட்டாக வந்தாள். பெட்டியில் இடித்துக்கொண்டாள், விலகினாள், மறுபடி வந்தாள். சத்தியநேசனின் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

அவன் விறைத்துப்போனான். சஜிதாவின் முழங்காலுக்கு வராத முதுகு அவனிடம் போயிருக்கிறது. பொறாமையும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜெபிஷா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கண்டக்டர் இழுக்கிற அதே இழுப்பில் சொன்னாள்:

“கருங்கல்... திக்கணங்கோடு...”

நிறுத்திவிட்டாள். காத்திருந்தாள்.

சத்தியநேசன் கையிலிருந்த ஃபேனைத் தரையில் வைத்தான். பிறகு உடைந்த குரலில், “தக்கலை” என்றான்.

“ஆளெறங்கு” என்றாள் ஜெபிஷா.

அவன் தோள் குலுங்கியது. மகளின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கையைத் தரையில் ஊன்றி உடம்பைத் திருப்பப் போனான்.

“திரும்பாதீங்க” என்றாள் சஜிதா. “அவளப் பாக்காண்டாம். அப்பிடியே இரிங்க.”

அவன் ஊன்றிய கையைப் பைய எடுத்துக்கொண்டான். திரும்பவில்லை.